வீட்டுப் பயிற்சிக்கு ஒரு சிறிய வால்வு ஆம்ப்: வாக்ஸ் ஏசி4டிவியுடன் நெடுநாள் அனுபவம்

வீட்டில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பதற்கென்று வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை வாட் என்பதைத்தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறிய அறை ஒன்றில் வாக்ஸ் ஏசி4டிவி என்னும் 4 வாட் ஆம்பைப் பல ஆண்டுகளாக வாசித்துவரும் எனக்கு, வாட் கணக்கை விட வேறொரு கேள்வியே முக்கியமாகத் தோன்றுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரை எழுப்பாத அளவுக்கு ஒலியைக் குறைத்த பிறகும் அந்த ஆம்ப் கேட்க இனிமையாக இருக்கிறதா என்பதே அது. விலை குறைந்த சிறிய வால்வு ஆம்ப்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்கள் இந்த ஒன்றைக் கடையிலேயே சோதித்துவிட்டால், மற்ற வேறுபாடுகளை நிதானமாக எடைபோடலாம்.

ஏசி4டிவியின் அமைப்பு மிக எளிமையானது. கிடாரிலிருந்து வரும் நுண்ணிய மின்னலையைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கரை இயக்க ஒரு இஎல்84 வால்வு, ஒலிக்க 10 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர். திருகிகள் மூன்றே: டோன், வால்யூம், வெளியீட்டு அளவு. மூன்றாவது திருகியைக் கொண்டு 4 வாட், 1 வாட், கால் வாட் என்னும் மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும் வசதி), ஹெட்ஃபோன் துளை, எஃபெக்ட்ஸ் லூப் (வெளிக் கருவிகளை ஆம்பின் நடுவே இணைக்கும் வழி) எதுவும் கிடையாது. ஒரே இஎல்84 அலையின் இரு பாதிகளையும் தானே சுமப்பதால் இதைச் சிங்கிள் எண்டட் வகை என்பார்கள். இரண்டு பவர் வால்வுகள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் புஷ்-புல் ஆம்ப்களில், ஸ்பீக்கரை இயக்கும் பவர் நிலையில் உண்டாகும் இரட்டைப்படை மேற்சுரங்கள் (வாசிக்கும் சுரத்தின் 2, 4, 6 மடங்கு அதிர்வெண்ணில் கூடவே எழும் ஒலிகள்) பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். சிங்கிள் எண்டட் ஆம்பில் அவை அழியாமல் ஸ்பீக்கர் வரை வந்து சேருகின்றன. அவற்றில் முதன்மையானது வாசிக்கும் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது. ஆகவே ஒலி சற்றே முறியும்போதும், அதாவது கரகரக்கும்போதும், காதுக்கு அது கடுமையாகப் படுவதில்லை.

ஒலியளவைப் பற்றி வாங்கும் முன்பே தெளிவாக இருப்பது நல்லது. பல கிடார் ஸ்பீக்கர்கள் 1 வாட் மின்சக்தியில், 1 மீட்டர் தொலைவில், 95 டெசிபலை ஒட்டிய ஒலியைத் தரும். மின்சக்தி பாதியானால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. பத்தில் ஒன்றானால்தான் 10 டெசிபல் குறைந்து, காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானதாகத் தோன்றும். ஆகவே 50 வாட் ஆம்புக்கும் 5 வாட் ஆம்புக்கும் நடுவே காது உணரும் இடைவெளி, எண்கள் காட்டும் அளவுக்குப் பெரிதன்று. ஏசி4டிவியை 4 வாட்டிலிருந்து கால் வாட்டுக்கு இறக்கும்போது மின்சக்தி பதினாறில் ஒன்றாகிறது. டெசிபல் கணக்கில் அது 12 மட்டுமே. 95 டெசிபல் ஸ்பீக்கரில் கால் வாட்டை முழுமையாகச் செலுத்தினாலும் 1 மீட்டரில் 89 டெசிபல் எழும் என்றால், சாதாரணப் பேச்சு 60 டெசிபலை ஒட்டியது என்பதையும் நினைவில் கொண்டால், கால் வாட் ஆம்பைக்கூட இரவு பத்து மணிக்குமேல் முழுதாகத் திறந்து வாசிக்க முடியாது என்பது விளங்கும். பவர் வால்வு திணறும்போது எழும் செழிப்பான முறிவொலியை வீட்டிலேயே அக்கம்பக்கம் அறியாமல் பெறலாம் என்னும் நம்பிக்கையோடு சிறிய ஆம்பைத் தேடுகிறவர்கள், பகல் நேரத்திலாவது கொஞ்சம் சத்தமாக வாசிக்கும் வாய்ப்பு தங்களுக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியீட்டைக் குறைக்கும் திருகிக்கும் ஒரு விலை உண்டு. வால்வு உருவாக்கிய மின்சக்தியில் ஒரு பகுதியை மின்தடைகளில் வெப்பமாக்கிவிட்டு மீதியை மட்டும் அது ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஸ்பீக்கரின் தடை சுரத்துக்குச் சுரம் ஏறியிறங்கும் தன்மையுடையது. நடுவில் நிலையான மின்தடை வந்து நிற்கும்போது வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இருந்த அந்த உறவு தளர்ந்துவிடுகிறது. அதனால் கால் வாட் நிலையில் ஒலி சற்று மங்கலாகவும் தட்டையாகவும் கேட்கிறது. ஆனால் மங்கலுக்கு முழுப் பழியையும் மின்தடையின் மீது போடக் கூடாது. மனிதக் காது தாழ்ந்த ஒலியளவில் கீழ்ச்சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைவாகவே உணர்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933ஆம் ஆண்டிலேயே இதை அளந்து காட்டினார்கள். எந்த விலை உயர்ந்த ஆம்பாக இருந்தாலும் ஒலியைக் குறைத்தால் மெலிந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கால் வாட் நிலையில் டோன் திருகியை வழக்கத்தை விட மேலே ஏற்றி வைத்தும், ஆம்பைச் சுவரோரமாக நகர்த்திக் கீழ்ச்சுரங்களுக்கு வலுவூட்டியும் இந்தக் குறையில் பாதியை நான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

நாள்தோறும் இந்த ஆம்ப் எனக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பகலில் 1 வாட் நிலையில் வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்துவிட்டு, ஒலியின் அளவையும் தன்மையையும் கிடாரில் உள்ள வால்யூம் திருகியாலேயே ஆள்கிறேன். கிடார் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தால் ஒலி தெளிகிறது. முழுதாகத் திறந்தால் ஓரங்கள் கரகரத்து முன்னே வருகிறது. விரல் நுனியால் மெல்ல மீட்டுவதற்கும் பிக்கால் அழுத்தி அடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆம்ப் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. கை சீராக இல்லாத நாளில் அது உடனே தெரிந்துவிடும் என்பதால், பயிற்சிக் கருவி என்ற அளவில் இதை நான் பெரிதும் மதிக்கிறேன். கர்நாடக சங்கீத வர்ணங்களைக் கிடாரில் பயில்வோருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கமகத்துக்காகத் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கும்போது மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடுவது கிடாரின் இயல்பு. வால்வு தன் எல்லையை நெருங்கும்போது ஒலியின் உச்சியை அழுத்தி அடியை உயர்த்திக் கொடுப்பதால், அசைவின் கடைசிப் பகுதியும் கேட்கும்படி நீள்கிறது. கல்யாணியின் பிரதி மத்யமத்தை இதில் நிறுத்தி வாசித்துவிட்டு, தெளிவொலி மட்டும் தரும் டிரான்சிஸ்டர் ஆம்பில் அதையே வாசித்தால் வேறுபாடு விளங்கும். இரவில் வால்யூமைக் குறைத்ததும் இந்த உதவி மறைந்துவிடுகிறது. அப்போது முன்னால், ஒலியைக் கரகரக்கச் செய்யும் ஒரு ஓவர்டிரைவ் பெடலை மிக மெல்லிய அளவில் வைத்து வாசிப்பதே எனக்கு ஒத்துவருகிறது.

நம் ஊர் வீடுகளில் வால்வு ஆம்பின் அமைதியைக் கெடுப்பவை பெரும்பாலும் ஆம்புக்கு வெளியே இருக்கின்றன. சீலிங் ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி விடுவதன் மூலம் வேகத்தைக் குறைப்பதால், சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிடாரில் அது தெளிவான ரீங்காரமாகக் கேட்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். மலிவான எல்இடி விளக்குகள் சிலவும் இதே தொல்லையைத் தரும். மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். இரைச்சலுக்காக மட்டுமன்றி உயிர்ப் பாதுகாப்புக்காகவும் இது கட்டாயம். மின்வெட்டு நேரத்தில் சதுர அலை தரும் வீட்டு இன்வெர்ட்டரில் வால்வு ஆம்பை ஓட்டாமல் இருப்பதே நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவதோடு சூடும் அதிகமாகிறது. அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் ஆம்ப் வரவழைப்பவர்கள், அது 120 வோல்ட்டுக்கு மட்டும் அமைந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அப்படியானால், இவ்வகைச் சிறிய ஆம்ப்களுக்கு நம் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் 100 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே போதுமானது. சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் அதைத் தேடலாம்.

பராமரிப்பைப் பற்றிப் பலரிடம் இருக்கும் அச்சம் இந்த வகை ஆம்பைப் பொறுத்தவரை தேவைக்கு மிஞ்சியது. சிங்கிள் எண்டட் அமைப்பில் இஎல்84 தன் மின்னோட்டத்தைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வகையில் இணைக்கப்பட்டிருப்பதால், வால்வு தேய்ந்துபோனால் டெக்னீஷியனைத் தேடி ஓட வேண்டியதில்லை. மின்னிணைப்பைப் பிடுங்கி, சூடு ஆறிய பிறகு பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் போதும். பெட்டியைத் திறந்து உள்ளே கைவைப்பது மட்டும் வேறு விஷயம். கிட்டத்தட்ட 300 வோல்ட் வரை ஓடும் சுற்று அது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் சிங்கிள் எண்டட் ஆம்பின் பவர் வால்வு முழு உழைப்பிலேயே இருப்பதால், இடைவேளை நீண்டால் அணைத்துவிடுகிறேன். வெயில் மாதங்களில் சுவருக்கும் ஆம்பின் பின்புறத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது விடுகிறேன். ஒரு சமயம் முன்வரிசை வால்வான 12ஏஎக்ஸ்7 மணிபோல ஒலிக்கத் தொடங்கியபோது, பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்து அதுதான் என்று உறுதிசெய்துகொண்டு மாற்றினேன். அப்போதுதான் 12ஏஎக்ஸ்7க்குப் பதிலாகப் பெருக்கம் குறைந்த 5751 வால்வைப் பொருத்திப் பார்த்தேன். முன்னதன் பெருக்கக் காரணி 100 என்றால் பின்னதற்கு 70. தொடக்கத்திலேயே சட்டென்று ஏறும் வால்யூம் திருகி அதன்பிறகு படிப்படியாக ஏறத் தொடங்கியது; இரவுப் பயிற்சிக்கு இதைவிடச் செலவு குறைந்த மாற்றம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கிடார் ஆம்ப்களுக்கான புதிய வால்வுகள் இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. ஒரு காலத்தில் பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே இஎல்84ஐத் தயாரித்துவந்தது. நம் வீடுகளில் இருந்த பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை இயக்கியதும் இந்த வால்வுதான். ஆகவே வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவர் ஊரில் இருந்தால் அவர் இந்த ஆம்பைப் பார்த்துத் தயங்கமாட்டார்.

இத்தனை ஆண்டுகளில் ஒலியை மிகுதியாக மாற்றியது எது என்று கேட்டால், பின்புறம் திறந்த பெட்டியில் பொருத்திய 12 அங்குல ஸ்பீக்கர் என்பேன். சிறிய பெட்டியும் சிறிய ஸ்பீக்கரும் கீழ்ச்சுரங்களைத் தாங்குவதில்லை. அதே 1 வாட்டைப் பெரிய ஸ்பீக்கருக்குக் கொடுத்தபோது கிடாரின் கனத்த தந்திகளுக்கு உடல் வந்தது. ஏசி4டிவியின் வெளியீடு 16 ஓம் என்பதால் அதே அளவுள்ள ஸ்பீக்கரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்கி வாசிக்கக் கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் மின்னழுத்தம் அதையே எரித்துவிடக்கூடும்.

மாற்றாகப் பார்க்கத் தக்கவை சில உண்டு. ரிவெர்பும் ஹெட்ஃபோன் துளையும் வேண்டும் என்பவர்களுக்கு பியூகெரா வி5 இன்ஃபினியம் பொருந்தும். 5 வாட், 1 வாட், 0.1 வாட் என்று அதில் மூன்று நிலைகள் உள்ளன, ஸ்பீக்கர் 8 அங்குலம். ராக் இசைக்குரிய அடர்ந்த டிஸ்டார்ஷனை மெல்லிய ஒலியிலேயே விரும்புபவர்கள் 1 வாட் பிளாக்ஸ்டார் எச்டி-1 அல்லது மார்ஷல் டிஎஸ்எல்1 பக்கம் போகலாம். அவற்றின் கரகரப்பு பெரும்பாலும் பவர் நிலைக்கு முன்பே உருவாகிவிடுவதால் வால்யூமைக் குறைத்தாலும் அது நிலைக்கிறது. லேனி கப்12ஆர் 12 அங்குல ஸ்பீக்கரோடு வருகிறது; 15 வாட்டுக்கு ஒரு துளை, 1 வாட்டுக்கும் குறைவான வெளியீட்டுக்குத் தனித் துளை என்று இரண்டு உள்ளீடுகள் இருப்பதால், வீட்டுக்கும் சிறு மேடைக்கும் ஒன்றே போதும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான். எபிஃபோன் வால்வ் ஜூனியரும் ஃபெண்டர் சாம்பியன் 600உம் மலிவானவை, எளிமையானவை. ஆனால் இரண்டிலும் வெளியீட்டைக் குறைக்கும் வசதி இல்லை, பின்னதன் ஸ்பீக்கர் வெறும் 6 அங்குலம். ஆரஞ்ச் மைக்ரோ டெரர் போன்றவற்றில் முன்நிலையில் மட்டுமே வால்வு. பவர் நிலை டிரான்சிஸ்டர். குழந்தை தூங்கும் அறையிலேயே, ஹெட்ஃபோனில் மட்டுமே வாசிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் வால்வு ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு வால்வு ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டல் முறையில் போலச்செய்யும் யமஹா டிஎச்ஆர் போன்ற மாடலிங் ஆம்பை வாங்குவதே பணத்துக்கு நியாயம்.

ஏசி4டிவி பெரும்பாலும் பயன்படுத்திய நிலையிலேயே கைக்கு வரும். பார்க்கப் போகும்போது சொந்தக் கிடாரையும் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். சூடேற அரை மணி நேரமாவது விட்டுவிட்டு, மூன்று வெளியீட்டு நிலைகளிலும், முதலில் வால்யூமை மிகத் தாழ்வாக வைத்து வாசித்துப் பாருங்கள். கிடாரைக் கழற்றிய பிறகும் உறுமல் உரத்துக் கேட்டால் மின்வழங்கல் கெப்பாசிட்டர்களுக்கு வயதாகியிருக்கலாம். திருகிகளைச் சுழற்றும்போது எழும் கரகரப்பு காண்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதால் அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் கிழிசல் இருக்கிறதா, இடையில் எவரேனும் 16 ஓம் அல்லாத ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாங்குவது என்று முடிவானால், மாற்று இஎல்84 ஒன்றுக்கும் 12ஏஎக்ஸ்7 ஒன்றுக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.