பழைய தேக்கா, சாய்ந்த வாகையா, வாசல் பூவரசா?

ஒரே அளவில் மூன்று பெட்டி செய்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நீளம் 10 அங்குலம், அகலம் 6, உயரம் 4. ஒன்று, இடிபட்ட செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த தேக்கு. இன்னொன்று, 2018 நவம்பரில் கஜா புயலில் வேரோடு சாய்ந்த வாகை. மூன்றாவது, பக்கத்துத் தெருவில் மதில் எழுப்ப வெட்டிப்போட்ட பூவரசு. விறகுக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கினேன். ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு பெட்டி மட்டும் திறக்க மாட்டேன் என்றது. எது என்று பிறகு சொல்கிறேன்.

பழைய தேக்கைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடைக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த காட்டு மரம் அது. ஆண்டு வளையங்கள் நெருங்கி நெருங்கி ஓடும். இன்று தோட்டத்தில் நட்டு அவசரமாக அறுக்கிற தேக்கில் பாதி வெள்ளைக்கட்டைதான், அதாவது பட்டையை ஒட்டிய முற்றாத வெளிமரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணுக்கும் கதவுக்கும் சொல்லும் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். பெட்டி செய்பவருக்கு உடைந்த ஜன்னல் சட்டமும் விட்டத்தின் துண்டும் போதும். சாம்பல் பூத்துக் கிடக்கும் கட்டையில் இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் தேன் நிறம் எட்டிப் பார்க்கும். அந்த நொடிக்காகவே பலர் தேக்கை விடுவதில்லை.

ஆனால் அதற்கு முன் காந்தம் வைத்துத் தடவுங்கள். தலை முறிந்த ஆணி உள்ளே இருந்தால் இழைப்புளியின் அலகில் பல் விழும். ஆணி இல்லாவிட்டாலும் தேக்குக்குள் மணல்சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசை வேறு. ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்த கையோடு ஃபெவிகால் போடாவிட்டால் மூலை விட்டுக்கொடுக்கும். ஆணித் துளையைச் சுற்றிய கறுப்புக் கறையை நான் மறைப்பதில்லை. மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று ஏது?

வாகையின் பலம் அகலம். 6 அங்குல மூடியை ஒட்டுப் போடாமல் ஒரே பலகையில் எடுக்கலாம், ரேகையும் அழகு. தொல்லைகளோ நிறைய. அறுக்கும்போது தூசி மூக்கில் ஏறித் தும்மலாக வரும், முகமூடி இல்லாமல் நிற்க முடியாது. வெள்ளைக்கட்டையை விட்டுவைத்தால் உளுத்து மாவாகக் கொட்டும். தயங்காமல் சீவி எறியுங்கள். பச்சை மரமாகவே வருவதால், முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்று நிழலில் அடுக்கிக் காயவிட வேண்டும். பூசாமல் விட்டவன் வெடிப்பைத்தான் அறுவடை செய்வான்.

இன்னொன்று: மரவாடியில் ‘வாகை’ என்று கொடுப்பதெல்லாம் வாகை இல்லை. சாலையோரத் தூங்குமூஞ்சியும் அதே பெயரில் விலைபோகிறது. அது மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம், எடையும் குறைவு. தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

பூவரசை நம்மில் பலருக்கு இலையாகத்தான் தெரியும். சுருட்டிப் பீப்பீ ஊதியிருப்போம், கொழுக்கட்டை வேகவைத்திருப்போம். உள்ளே இருக்கும் வைரம், அதாவது முற்றிய நடுக்கட்டை, சாக்லேட் நிறம், ஊடே இளஞ்சிவப்புக் கோடுகள். புதிதாக அறுத்த பலகையை முகர்ந்தால் மெல்லிய ரோஜா வாசனை. ரேகை நெருக்கமானது, மெல்லிய உளியால் புறாவால் மூட்டு (புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் மூலை இணைப்பு) வெட்டினால் ஓரம் சிதறாது, கோடு போட்டது போல நிற்கும். காய்ந்தபின் அசைவதும் கொஞ்சம்தான். குறை ஒன்று உண்டு: முதிர்ந்த மரங்களில் பலவற்றின் நடுவே பொந்து. நான் தூக்கி வந்த நாலடிக் கட்டையில் நல்ல பலகை தேறியது ஒன்றரை அடி. பெரிய பெட்டி இதில் ஆகாது. சிறிய பெட்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான், தேக்குக்கு அடுத்தபடியாக அல்ல, தேக்குக்கும் மேலே.

வேம்பைச் சிலர் கேட்பார்கள். துணி வைக்கச் சரி. மிளகும் சீரகமும் வைக்கும் அஞ்சறைப்பெட்டிக்கு அந்த நெடி வேண்டாம், பலா மரம் எடுங்கள். பழைய கூரையிலிருந்து இறங்கும் பனங்கையில் (பனைமரச் சட்டத்தில்) கறுப்பு வரிகள் கண்ணைப் பறிக்கும், ஆனால் இழைக்க இழைக்கச் சிலாம்பு கையில் ஏறும். நான் கைப்பிடிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பூச்சு எதுவானாலும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துக் காயவிட்டு, மேலே தேன்மெழுகு.

திறக்க மறுத்தது வாகைப் பெட்டி. தவறு என்னுடையது. அகலப் பலகை கிடைத்த மகிழ்ச்சியில், மூடிப் பலகையை ஒரு சட்டத்தின் காடிக்குள் (வெட்டிய பள்ளத்துக்குள்) பசை போடாமல் தளர்வாக விடுவதற்குப் பதில், நாலு பக்கச் சுவருக்கு நடுவே இறுக்கமாக உட்கார்த்திவிட்டேன். ஈரத்தில் மரம் குறுக்கே விரியும், போக இடம் இல்லை. கார்த்திகையில் ஓரத்தைக் கொஞ்சம் இழைத்ததும் சுகமாகத் திறந்தது. பங்குனி வெயிலில் பார்த்தால், அதே ஓரத்தில் போஸ்ட்கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி.