லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்க அமெரிக்கா போகிறவர்களுக்கு: பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

கோவையில் பி.ஆர்க் முடித்த ஒரு மாணவி ஏஜென்சி மூலம் அமெரிக்காவுக்கு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (பூங்கா, நீர்நிலைக் கரை போன்ற வெளியிடங்களை வடிவமைக்கும் துறை) முதுநிலை படிக்கப் போனார். அவர் சேர்ந்திருப்பது லைசென்ஸுக்கு வழிவிடும் படிப்பே இல்லை என்பது இரண்டாவது செமஸ்டரில்தான் தெரிந்தது. பல்கலைக்கழகம் போலி இல்லை, துறையும் நல்ல துறைதான். அதே துறைக்குள் வேறொரு படிப்பில் சேர்த்துவிட்டார்கள். "ஒன்றரை வருஷத்தில் முடிஞ்சிடும், எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று ஏஜென்சி சொன்ன அந்த ஒரு வரியை நம்பி வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறது குடும்பம்.

எல்லாம் ஒன்று இல்லை. அமெரிக்காவில் இந்தத் தொழில் 50 மாநிலங்களிலும் லைசென்ஸுக்கு உட்பட்டது. அதற்கான எல்ஏஆர்ஈ (LARE) என்ற லைசென்ஸ் தேர்வில் 4 பிரிவுகள். தேர்வும் அனுபவமும் தவிர, லைசென்ஸ் தரும் மாநில வாரியங்கள் முதலில் பார்ப்பது எல்ஏஏபி (LAAB, இந்தத் துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற பட்டமா என்பதைத்தான். அங்கீகாரமில்லாத பட்டத்துக்கும் சில மாநிலங்கள் கூடுதல் அனுபவம் கேட்டு இடம் கொடுக்கும், சில கொடுக்காது. வேலை எந்த மாநிலத்தில் கிடைக்கும் என்று தெரியாத வெளிநாட்டு மாணவருக்கு இது பெரிய சூதாட்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்ஏஏபி பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதில்லை, படிப்புக்குத்தான் கொடுக்கிறது. அதிலும் தொழிலுக்குள் நுழைவதற்கான முதல் பட்டத்துக்கு மட்டும்தான். ஒரே துறையில் அங்கீகாரமுள்ள எம்.எல்.ஏ.வும் (மாஸ்டர் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) இருக்கும், ஆராய்ச்சி சார்ந்த எம்.எஸ். அல்லது எம்.ஏ.வும் இருக்கும். பி.எஸ்சி. தோட்டக்கலை போன்ற வேறு பட்டம் பெற்று வருகிறவர்களுக்கு எம்.எல்.ஏ. பொதுவாக 3 வருடம். பி.ஆர்க் முடித்தவர்களைப் பல துறைகள் போர்ட்ஃபோலியோ (மாணவர் செய்த வடிவமைப்பு வேலைகளின் தொகுப்பு) பார்த்து ஏறக்குறைய 2 வருடத்தில் முடிக்க விடும். எல்ஏஏபி தளத்தில் உள்ள பட்டியலில் பட்டத்தின் முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். "கேண்டிடசி" என்று போட்டிருந்தால் அங்கீகாரத்துக்கான நடைமுறை நடக்கிறது என்றுதான் பொருள், இன்னும் கிடைத்துவிடவில்லை.

அந்த மாணவி அங்கீகாரமுள்ள எம்.எல்.ஏ.வுக்கும் விண்ணப்பித்திருந்தார். அது கைநழுவியதற்குக் காரணம் ஏஜென்சி காசு வாங்கிச் செய்துகொடுத்த போர்ட்ஃபோலியோ. மதுரைத் தெப்பக்குளக் கரைக்கு ஒரு திட்டம். பளபளப்பான படம். கரையோரம் முழுக்க வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள்! நீர்மருதும் புங்கனும் நிற்க வேண்டிய வெயிலில், குளிர்நாட்டு மரம். படம் வரையும் மென்பொருளின் மர நூலகத்தில் இருந்ததை அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் வடிகால் வரைபடம்: 101.20 மட்டத்திலிருந்து 101.45 மட்டத்துக்குத் தண்ணீர் ஓடுவதாக அம்புக்குறி. நேர்காணலில் ஒரு பேராசிரியர் அந்த அம்பைக் காட்டித் தண்ணீர் எப்படி மேலே ஏறும் என்று கேட்டார். மாணவியிடம் பதில் இல்லை, அது அவர் போட்ட கோடு இல்லையே. இத்தனைக்கும் கல்லூரியில் அவரே கையால் வரைந்த ஒரு கண்மாய் ஆய்வு இருந்தது; மண்ணின் வெட்டுத் தோற்றமும் மட்டங்களும் சரியாகக் குறித்த நல்ல வேலை. "பழசா இருக்கு" என்று ஏஜென்சி அதைத் தூக்கிவிட்டது. தேர்வுக் குழுவினர் தேடுவது அந்த மாதிரிப் பக்கங்களைத்தான்: தளத்தில் அளந்தது, யோசித்து அழித்து வரைந்தது, வெட்டுத் தோற்றம், மட்டம். தோட்டக்கலை படித்தவர்கள் நாற்றங்கால் குறிப்பேட்டையும் மண் அடுக்கு ஓவியத்தையும் தாராளமாக வைக்கலாம்.

அங்கே நிராகரிப்பு வந்ததும், போர்ட்ஃபோலியோவே கேட்காத படிப்பு ஒன்றில் அவசர அவசரமாக இடம் வாங்கிக் கொடுத்தார்கள். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் ஏஜென்சிகளுக்குக் கமிஷன் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, கொடுக்காதவையும் உண்டு. உங்களுக்குக் காட்டப்படும் பட்டியலில் எது இருக்கிறது, எது இல்லை என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் கையில் வந்ததும் அதில் மேஜர் என்ற இடத்தில் அச்சாகியிருக்கும் சிஐபி எண்ணை (படிப்பின் வகையைக் குறிக்கும் எண்) பாருங்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சருக்கு 04.0601. இது 2023 ஜூலையில் அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் 12 மாத ஓபிடி (படித்த துறையில் வேலை செய்ய மாணவர் விசாவிலேயே கிடைக்கும் அனுமதி) முடிந்தபின், இ-வெரிஃபை என்ற அரசுச் சரிபார்ப்பு முறையில் பதிவுள்ள நிறுவனத்தில் வேலை இருந்தால் இன்னும் 24 மாதம் கேட்க முடியும். அந்த மாணவியின் ஐ-20யில் இருந்த எண் வேறு, ஸ்டெம் பட்டியலில் இல்லாதது. ஆக மூன்று வருட வாய்ப்பு ஒரு வருடமாகிவிட்டது. கடன் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பணம் கட்டுவதற்கு முன்னால் துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேளுங்கள்: நான் சேரும் இந்தப் படிப்பு எல்ஏஏபி அங்கீகாரம் பெற்றதா, சிஐபி எண் என்ன, என் பி.ஆர்க்கை வைத்து எத்தனை செமஸ்டர் குறையும், அசிஸ்டன்ட்ஷிப்புக்கு (துறையில் கற்பித்தல், ஆராய்ச்சிக்கு உதவும் பகுதிநேர வேலை) எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதில் எழுத்தில் இருக்கட்டும். அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தால் பல இடங்களில் கல்விக் கட்டணமே குறையும். ஆனால் அதற்கான தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். ஏஜென்சி மார்ச்சில் விண்ணப்பம் போட்டால் அந்தக் கதவு அடைத்தாயிற்று. விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்க வேண்டும். செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு முறை) கட்டணம் 350 டாலர், அரசுத் தளத்தில் நீங்களே கட்டலாம், "பேக்கேஜ்" தேவையில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதில்லை. முதலில் அதே துறையில் அங்கீகாரமுள்ள எம்.எல்.ஏ.வுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். படித்த பாடங்களில் சிலவாவது கணக்கில் வரும். வேறு பல்கலைக்கழகம் என்றால், அங்கே அனுமதிக் கடிதம் கிடைத்தபின் இப்போதைய இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ் மூலம் செவிஸ் பதிவை மாற்ற வேண்டும். அவர்களிடம் விதிகளை உறுதிசெய்யாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தாதீர்கள், எஃப்-1 என்ற மாணவர் விசா நிலை போய்விடும்.

ஏஜென்சி மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் இன்றைக்கே தனியாகச் சேமித்து வையுங்கள். மாணவியின் ஒப்பந்தத்தில் "ஐ-20 வந்ததும் சேவை முடிந்தது" என்று ஒரு வரி இருந்தது, அதைக் காட்டித்தான் பணம் தர மறுத்தார்கள். ஆனால் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று சொன்ன 40 நொடிக் குரல் பதிவு அவர் போனில் இன்னும் இருக்கிறது.