ஏழு வருடம் ரப்பர் ஸ்டாம்ப்: பினாங்கு ஈரத்தில் எது நின்றது, எது போனது

2018 மே மாதம். மகன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. மறுநாள் 16ஆம் தேதி ஆசிரியர் தினம், டீச்சருக்கு வாழ்த்து அட்டை வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்குச் சொன்னான். இந்த மாதிரி விஷயத்தைப் பிள்ளைகள் பகலில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வீட்டில் கிடைத்தது ஊதா நிற ஆபீஸ் ஸ்டாம்ப் பேட், ஒரு பென்சில் அழிப்பான், பேனாக்கத்தி. அழிப்பானில் ஓர் இலையை வெட்டி, அதை வட்டமாகப் பதினொரு தடவை குத்தி, ‘பூ’ என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

அவன் இப்போது, 2025இல், இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். நான் இன்னும் ஸ்டாம்ப் குத்தி வாழ்த்து அட்டை செய்துகொண்டுதான் இருக்கிறேன். தீபாவளிக்கு மட்டும் வருடத்துக்கு 40 அட்டை. அதுபோக பக்கத்து வீடுகளுக்கு நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, அலுவலகத்தில் யாராவது பணி ஓய்வு பெற்றால் அதற்கு ஒன்று. விற்பதில்லை. யாரும் எனக்கு எதையும் இலவசமாக அனுப்பியதும் இல்லை. ஆகவே கீழே சொல்வதெல்லாம் என் காசில் வாங்கி, என் சாப்பாட்டு மேசையைக் கறையாக்கித் தெரிந்துகொண்டவை.

நம்மில் பெரும்பாலோர் இந்த வேலையைக் காணொளி பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்தவை. ‘மை காய்ந்ததும்’ என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோவார்கள். நான் இருப்பது மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில், மூன்றாவது மாடி. சன்னலைத் திறந்தால் கடல் காற்று. பினாங்கில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும், அதாவது சரியாகத் தீபாவளி அட்டை செய்கிற நேரத்தில். துணியே இரண்டு நாள் காயாத வீட்டில் மை எப்படி ஐந்து நிமிடத்தில் காயும்? முதல் இரண்டு வருடம் நான் கெடுத்த தாள்களில் பாதி இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளாததால் போனவை.

மையை முதலில் பேசிவிடலாம். கடையில் வண்ணத்தைப் பார்த்து வாங்குகிறோம், பார்க்க வேண்டியது வகையை. டை இங்க் என்பது சாயம். தாளுக்குள் ஊறிவிடும், சீக்கிரம் காயும், ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் காலப்போக்கில் வெளிறும். பிக்மென்ட் இங்க் என்பது நுண்ணிய நிறத்தூள் மிதக்கும் கெட்டி மை. தாளின் மேலேயே உட்காரும், நிறம் எளிதில் வெளிறாது, காய நேரமெடுக்கும். பளபளப்புத் தாளில் அதைக் குத்தி, சூடான காற்று வீசும் ஹீட் கன் காட்டாமல் விட்டால் அடுத்த வாரமும் விரலில் ஒட்டும்.

என்னிடம் அதிகம் தேய்ந்தவை இரண்டு பேட்கள். இரண்டுமே ஜப்பானின் சுகினேகோ நிறுவனத்தின் கறுப்பு. ஒன்று மெமெண்டோ. இது டை வகை. கோட்டுருவத்தைக் குத்திவிட்டு உள்ளே கோப்பிக் மாதிரி ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டினால் கோடு கலையாது. தண்ணீர்த் தூரிகை பட்டால் கலங்கும். மற்றொன்று வெர்சாஃபைன். எண்ணெய் கலந்த பிக்மென்ட் மை. மயிரிழைக் கோடும் தெளிவாக விழும், காய்ந்தபின் மேலே நீர்வண்ணம் பூசலாம். ‘காய்ந்தபின்’ என்பதில்தான் நம் ஊர் இருக்கிறது. மழை நாளில் நான் அதை இரவு முழுக்க விட்டுவிடுவேன், அல்லது ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டுவேன். ஒரு தடவை அவசரப்பட்டு, பன்னிரண்டு அட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் அடுத்ததன் மயில். மையைக் குறை சொல்ல முடியாது, என் பொறுமையின் அளவு அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஒரே கறுப்பு பேட் எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைத்தேன். போதாது. மார்க்கருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. இரண்டும் சேர்த்து 60, 70 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும். ஆனால் எட்டு வண்ணம் வாங்குவதற்கு முன் இந்த இரண்டு கறுப்பை வாங்குங்கள் என்பதுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை.

பின்னணி வண்ணத்துக்கு டிஸ்ட்ரெஸ் ஆக்ஸைடு வைத்திருக்கிறேன். சாயமும் நிறத்தூளும் கலந்த மை. தூரிகையால் வட்டமாகத் தேய்த்து, மேலே இரண்டு துளி தண்ணீர் தெளித்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு படிந்தது போல் வெளுக்கும். பழைய ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் சுவர் மாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி. சிறிய பேட்களே போதும். முழு அளவில் வாங்கிய இரண்டில் ஒன்றை இன்றுவரை பாதிகூடத் தீர்க்கவில்லை.

சீன முத்திரை மையையும் விட்டுவைக்கவில்லை. பீங்கான் டப்பாவில் சிவப்புக் களிம்பாக வரும். மரபுப்படி சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமத்தின் தூளை ஆமணக்கெண்ணெயில் குழைத்துச் செய்வது. அந்தச் சிவப்புக்கு வேறு எந்தச் சிவப்பும் ஈடில்லை. குங்குமம் வைத்தது போலவே விழும். ஆசைப்பட்டு ஒரு கல்யாணத்துக்கு அந்த மையில் அட்டை செய்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு பூவைச் சுற்றியும் எண்ணெய் வளையம், வடை வைத்த காகிதம் மாதிரி. அந்தக் களிம்பு மெல்லிய சீனத் தாளில் கல்முத்திரை குத்துவதற்கென்றே உள்ளது. நம் கெட்டித் தாளுக்கு அது ஆகாது.

அடுத்து எம்பாசிங். ஒட்டும் தன்மையுள்ள நிறமற்ற மையால் குத்தி, மேலே பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் பொடி உருகிப் புடைத்து நிற்கும். முதல் தடவை முடி உலர்த்தும் டிரையரால் முயன்றேன். பொடி பறந்து மேசை, சுவர், என் புருவம் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்தது, தாளைத் தவிர. டிரையரில் காற்று அதிகம், சூடு போதாது. ஹீட் கன்னுக்கு மாற்று இல்லை. என் முதல் ஹீட் கன் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு, ஒரு வருடத்தில் புகைந்து நின்றது. இரண்டாவது ஐந்து வருடமாக ஓடுகிறது.

இதிலும் ஈரம் வந்து நிற்கும். கை தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும் பின்னணி வண்ணம் உண்மையில் காய்ந்திருக்காது. பொடி அங்கெல்லாம் ஒட்டி, சூடு காட்டியதும் கொப்புளம் கொப்புளமாக எழும். இதற்கென்று மாவுத்தூள் அடைத்த சிறு பை விற்கிறார்கள். குத்துவதற்கு முன் அதைத் தாளின்மேல் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். இல்லாதவர்கள் முகப்பவுடரைத் துணியில் கட்டிக்கொள்ளலாம், நான் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். எம்பாசிங் நாளன்று மட்டும் படுக்கையறையில் ஏர்கான் போட்டு ஒரு மணி நேரம் தாளை அங்கே வைத்திருப்பேன். “தாளுக்கு ஏர்கான், எனக்குக் காற்றாடியா?” என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். கேட்கட்டும்.

இவ்வளவு தொல்லை ஏன் என்றால் கோலத்துக்காக. செங்காவி நிறத் தாளில் வெள்ளை எம்பாசிங் பொடியால் புள்ளிக் கோலம் போட்டுப் பாருங்கள். வெள்ளை மை மட்டும் போட்டால் அடர்நிறத் தாளில் மங்கி, கழுவாத கரும்பலகை மாதிரி இருக்கும். பொடி உருகினால் அரிசி மாவுக் கோடு போலவே எழும்பி நிற்கும். அட்டையை வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.

சரி, ஸ்டாம்புக்கு வருகிறேன். இரண்டு வகை. ரப்பர் மரத்துப் பாலில் செய்த சிவப்பு ரப்பர் ஒன்று, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஃபோட்டோபாலிமர் மற்றொன்று. அம்மா கல்யாணத்துக்கு முன் கெடாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கம் பால்மரம் வெட்டியவர். கண்ணாடி ஸ்டாம்பைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“இதா ரப்பரு? பால் வாசனையே இல்லையே.”

சிவப்பைக் கொடுத்தேன். முகர்ந்து, வளைத்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார். “இது சரி” என்றார்.

ஏழு வருடக் கணக்கும் அம்மா பக்கமே இருக்கிறது. ஃபோட்டோபாலிமர் என்பது புற ஊதா ஒளியில் இறுக வைத்த பிளாஸ்டிக். எந்த இடத்தில் விழும் என்று பார்த்துக் குத்தலாம், அதுதான் அதன் பெரிய வசதி. புதிதாக வாங்கியதும் மை திட்டுத் திட்டாக நிற்கும், வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். வெளிச்சத்தில் மஞ்சளாகும், அதனால் பாதகமில்லை. ஆனால் ஆரம்பத்தில் மலிவாக வாங்கிய மூன்று செட் நம் வெக்கையில் பிசுபிசுத்து, பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப் பிய்ந்தே போனது. சிவப்பு ரப்பரில் ஒன்றுகூட வீணாகவில்லை. பின்னால் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தகடு பிடிப்பை இழந்தால் சோப்பு நீரில் கழுவினால் திரும்பிவிடும். ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் மை கண்ணாடியிலும் தகரத்திலும்கூடப் பிடிக்கும். அதைச் சிவப்பு ரப்பரில் மட்டும்தான் போடுவேன்.

தமிழ் எழுத்து ஸ்டாம்புக்கு வருவோம். கைவேலைக் கடைகளில் ‘ஹேப்பி பர்த்டே’ நூறு வகையில் கிடைக்கும். ‘இனிய தீபாவளி’ ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அலுவலக முத்திரை செய்துதரும், நாம் எல்லாரும் சாப் கடை என்று சொல்லும் ஒரு கடைக்குப் போனேன். தட்டச்சு செய்த கோப்பை அவருடைய கணினியில் திறந்தால் ‘பொங்கல்’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ‘து’வின் சுழி தனியே கழன்று கிடந்தது. அவர் சீனர், பாவம், என்ன செய்வார். “எந்தப் பக்கம் மேலே?” என்று மலாயில் கேட்டார். எழுத்துருவை நம்ப வேண்டாம். தூரிகைப் பேனாவால் நீங்களே எழுதி, கறுப்பு வெள்ளைப் படமாக ஸ்கேன் செய்து கொடுங்கள். படம் உடையாது. லேசரில் செதுக்கும்போது எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தால் ழ, ள, ண எல்லாம் சுழிக்குள் மை அடைத்து ஒரே பொட்டாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைய நான் கொடுப்பதில்லை.

அப்படிக் கஷ்டப்பட்டுச் செய்த முதல் ஸ்டாம்பில் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓர் அட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குப் போனது. தொலைபேசியில் அழைத்து, அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, மூச்சு விடாமல் “அந்த ‘க்’ வேண்டாம்மா” என்றார். 45 வெள்ளி ஸ்டாம்ப். தூக்கிப்போட மனம் வரவில்லை. பிளேடால் ‘க்’கை மட்டும் அறுத்தெடுத்து, இரண்டு துண்டையும் நெருக்கி ஒட்டினேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் ‘து’வுக்குப் பிறகு ஒரு மயிரிழைச் சந்து தெரியும்.

நானே செதுக்குவதும் உண்டு. பென்சிலால் டிரேசிங் தாளில் வரைந்து, அதை ரப்பர் கட்டியின்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் தானாகவே இடவலம் மாறிப் பதியும். ஜோர்ஜ்டவுனில் அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன் நடைபாதையில் நடந்தால் காலடியில் பூ ஓடுகள். அதில் ஒன்றின் கால்பங்கை மட்டும் செதுக்கினேன். நான்கு தடவை திருப்பித் திருப்பிக் குத்தினால் முழு ஓடு. அந்த ஒரு துண்டை வைத்து நோன்புப் பெருநாளுக்கு பச்சையிலும், சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பிலும், தீபாவளிக்கு ஊதாவிலும் அட்டை செய்துவிட்டேன். இவ்வளவு உழைத்த ஸ்டாம்ப் என்னிடம் வேறு இல்லை.

கருவிகளில், காந்தமும் மூடியும் உள்ள ஸ்டாம்பிங் பலகை ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்டாம்ப் மூடியில் ஒட்டியிருக்கும், தாள் காந்தத்தில் நிற்கும். சரியாக விழவில்லையென்றால் மை போட்டு அதே இடத்தில் மறுபடி குத்தலாம். தமிழ் எழுத்துக்கு இது இல்லாமல் முடியாது. வெட்டும் இயந்திரமும் வாங்கினேன், அலமாரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

தாளின் கனம் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம். ஏ4-ஐ அகலவாட்டில் இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் இரண்டு ஏ6 அட்டை, சி6 உறைக்குள் சரியாக உட்காரும். தாளைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஆறு மாதத்தில் பழுப்புப் பொட்டுகள் வரும், பூஞ்சை. இறுகிய மூடி போட்ட பிஸ்கட் டின்னில், சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன். உறைகளும் அங்கேதான். நாக்கால் நனைத்து ஒட்டும் உறை 50 வாங்கி மேசையில் வைத்திருந்தேன், யாரும் தொடாமலே எல்லாம் தாமாக ஒட்டிக்கொண்டன. கெட்டிலில் ஆவி பிடித்துத் திறந்ததில் 31 தேறியது. இப்போது தோல் உரித்து ஒட்டும் உறை மட்டும்தான்.

பேட்களில் சாய வகையைத் தலைகீழாக வைக்கிறேன், மை மேலே வந்து நிற்கும். ஆரம்பத்தில் வாங்கிய ஊதா ஆபீஸ் பேட் மட்டும் எப்படி வைத்தாலும் காயமாட்டேன் என்கிறது.

இந்த 2025ஆம் வருடம் தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் முதல் வாரமே ஆரம்பித்துவிட்டேன். 22 அட்டை முடிந்து, வரவேற்பறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டிய கயிற்றில் துணி கிளிப்பில் தொங்குகின்றன. வெளியே மூன்று நாளாக மழை. இன்னும் 18 இருக்கிறது.