கண் மாத்திரை எண்டு 27,600 ரூபா போச்சு: காசு போட முதல் இதை வாசியுங்கோ

போனில விளம்பரம் போட்டு, மெசேஜில ஓடர் எடுத்து, கூரியரில அனுப்புற ஒரு சத்துமாத்திரைக் கடை. அப்பான்ர கண்ணுக்கு மூண்டு போத்தல், ஒண்டு 9,200 படி 27,600 ரூபா. காசு திரும்பி வராது எண்டு இண்டைக்குத்தான் முடிவாச் சொன்னாங்கள். யாழ்ப்பாணத்தில இன்னும் எத்தினை வீட்டுக்கு இந்தப் பார்சல் போகுதோ தெரியாது.

நம்ப வைச்சது கதைதான். போனில கதைச்ச பிள்ளை 'ஏரெட்ஸ் 2' ஆய்வைப் பேரோட சொன்னா: 2013இல வெளிவந்தது, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவகம் செய்தது, நாலாயிரம் பேருக்கு மேல. எல்லாம் உண்மை. பிறகு சொன்னா, "மூண்டு மாதம் குடுங்கோ அண்ணா, அப்பான்ர கற்றரக்டும் கரைஞ்சிடும்" எண்டு. இதுதான் பச்சைப் பொய்.

அந்த ஆய்வு வயசால விழித்திரையின்ர நடுப்பகுதி, அதாவது மாக்குலா, பழுதாகிற நோயைப் பற்றினது. அதுவும் நோய் நடுத்தர நிலைக்கு வந்தவைக்கு, இல்லாட்டி ஒரு கண்ணில முற்றினவைக்கு. 2001இல வந்த முதல் ஏரெட்ஸ் ஆய்வில, சத்துமாத்திரை எடுத்த அப்பிடியான ஆக்களுக்கு அஞ்சு வருசத்தில நோய் முற்றுற ஆபத்து ஏறக்குறைய 25 வீதம் குறைஞ்சது. போன பார்வை திரும்பி வரேல்லை. நோயே இல்லாதவைக்கு வராமல் தடுக்கும் எண்டும் காட்டேல்லை. கற்றரக்ட், அதாவது கண்புரை, கண்ணுக்குள்ள இருக்கிற வில்லையில வாறது. லூட்டின் எண்ட சத்து, கீரையிலயும் முட்டையிலயும் இருக்கிறது, அதுக்கு உதவுமோ எண்டு ஏரெட்ஸ் 2 தனியாப் பாத்தது. மொத்தத்தில சத்திரசிகிச்சைத் தேவை குறையேல்லை.

இப்ப போத்தல். முன்பக்கம் பெரிசா 'லூட்டின் 20'. பின்பக்கம் பொடி எழுத்தில, மேரிகோல்ட் பூச்சாறு 20 மில்லிகிராம், அதில லூட்டின் 20 வீதம். கணக்குப் பாத்தால் 4 மில்லிகிராம்! ஆய்வில குடுத்தது லூட்டின் 10, அதைப் போல இன்னொரு சத்தான சீசாந்தின் 2. அதோட விற்றமின் சி 500 மில்லிகிராம், விற்றமின் ஈ 400 அலகு, சிங்க் 80, செம்பு 2. போத்தலில சீசாந்தின் பேருக்கும் இல்லை, சிங்க் 7.5.

இதெல்லாம் காசுக் களவு எண்டு விடலாம். விடேலாதது அதே லேபிளில இருந்த 'பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம்'. அப்பா கனகாலம் சுருட்டும் சிகரெட்டும் பிடிச்ச மனுசன், விட்டுட்டார். 1994இல பின்லாந்தில புகைக்கிற ஆம்பிளையளுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் குடுத்த ஆய்வில நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடினது. ஏரெட்ஸ் 2இலயும் பீட்டா கரோட்டின் எடுத்தவைக்குத்தான் அது கூட வந்தது, வந்தவையில அநேகம் பேர் புகையை விட்ட ஆக்கள். அதாலதான் முதல் ஆய்வின்ர மாத்திரையில இருந்த பீட்டா கரோட்டினை எடுத்துப்போட்டு லூட்டினும் சீசாந்தினும் போட்டவை. ஆய்வின்ர பேரைச் சொல்லி வித்தவைக்கு அந்த ஆய்வு என்னத்தைத் தூக்கி எறிஞ்சது எண்டு தெரியாதாம்!

கேட்டால் முதல் பதில், "உடைச்ச போத்தல் எடுக்கமாட்டம்". சரி, சீல் உடைக்காத ரெண்டும்? "மனேச்சர் எடுப்பார்". எடுத்த மனேச்சர், "கரட்டில இருக்கிற சாமான்தானே ஐயா" எண்டார். கரட் சாப்பிடுறதால ஒண்டுமில்லை, கூடின அளவை மாத்திரையாக் குடுக்கேக்கதான் பிரச்சினை எண்டு எழுதினதுக்கு, கும்பிடுற படம் ஒண்டு வந்தது. பிறகு நம்பரையே புளொக் பண்ணிட்டாங்கள். 27,600 ரூபாவுக்கு ஒரு கும்பிடு.

என்ன செய்யலாம் எண்டு விரிவா எழுத இப்ப பொறுமை இல்லை. முன்பக்க எழுத்தை நம்பாதேங்கோ, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. சாட்டுச் சொன்னால் விட்டிடுங்கோ. புகைச்ச ஆள் எண்டால் பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டாம். மாக்குலா நோய் இருக்கோ, எந்த நிலை எண்டு கண் கிளினிக்கில கேட்காமல் ஒரு மாத்திரையும் தொடங்காதேங்கோ. சிங்க் 80 எல்லாம் விளையாட்டில்லை. நேர்கோடு வளைஞ்சு தெரிஞ்சால் அண்டைக்கே காட்டுங்கோ. லூட்டின் வேணுமெண்டால் முருங்கையிலை வறையிலயும் முட்டை மஞ்சள்கருவிலயும் இருக்கு, எண்ணெய், தேங்காய்ப்பூவோட சாப்பிட்டால் உடம்பில நல்லாச் சேரும்.

பில் வாங்காமல் காசு போடாதேங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ர இலக்கம் 1977. பாங்கில காசு போட்ட துண்டும் மெசேஜும் லேபிள் படமும் எடுத்து வைச்சாச்சு, முறைப்பாடு போகுது.