என் முழங்காலும் அவர் இடுப்பும்: இரண்டு மூட்டுகளுக்கு ஒரு விமர்சனம்

எங்கள் வீட்டில் இரண்டு செயற்கை மூட்டுகள் நடமாடுகின்றன. என் கணவருக்கு இடது இடுப்பில் ஒன்று, எனக்கு வலது முழங்காலில் ஒன்று. செல்போனுக்கும் மிக்ஸிக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரவும் முடியாத ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் மட்டும் "எனக்கு நல்லா இருக்கு", "அவங்களுக்குச் சரியா வரலை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டுக்கு ஐந்தில் நாலரை. முழங்கால் மூட்டுக்கு மூன்றரை. அந்த அறுவை மேசை வரை போய்ச் சேரும் வழிக்கு அவர் நாலு கொடுப்பார், நான் ஒன்றரை கொடுப்பேன். ஒரே வீடு, ஒரே மருத்துவமனை, ஒரே டாக்டர். அப்படியும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதை மறந்தே போய்விட்டார். இந்தப் பொருளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அடிப்படை வடிவமைப்பும் பழையது, தேர்ந்தது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை நிபுணர் முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார், அது சில வருடங்களிலேயே தேய்ந்துபோனது. 1962-ல் அடர்த்தியான பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறினார். உலோகத் தண்டு, அதன் நுனியில் 22 மில்லிமீட்டர் சுமாருக்கு ஒரு சின்ன உருண்டை, எலும்போடு பிடித்துவைக்க அக்ரிலிக் சிமெண்ட். இன்றைக்கு உருண்டை பெரிதாகியிருக்கிறது, பிளாஸ்டிக் பலப்பட்டிருக்கிறது, பலருக்கு சிமெண்டே இல்லாமல் வைக்கிறார்கள். ஆனால் யோசனை அதேதான். கிண்ணத்துக்குள் உருண்டை சுழல வேண்டும், அவ்வளவுதான் இடுப்பின் வேலை. என் கணவரைப் பொறுத்தவரை ஒரே குறை, விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் கருவி கத்தும். ஒவ்வொரு முறையும் அவர் யாரோ ஒருவருக்குத் தன் இடுப்பு வரலாற்றைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

முழங்கால் கதை வேறு. அது கதவுக் கீல் மாதிரி வெறுமனே திறந்து மூடுவது இல்லை. மடங்கும்போதே உருளும், சறுக்கும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். அதையெல்லாம் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் அப்படியே செய்து காட்ட இன்னும் யாராலும் முடியவில்லை. அறுவை முடிந்ததும் சீக்கிரமே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். அதில் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் மடக்குவதிலும் நீட்டுவதிலும்தான். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, தொங்கும் காலைப் பிசியோதெரபிஸ்ட் உள்பக்கமாக மெல்லத் தள்ளுவார். ஒரு கையில் கோணமானி. "தொண்ணூறு தொட்டாச்சும்மா, மூச்சை விடுங்க, இன்னும் கொஞ்சம்" என்பார். அந்த "இன்னும் கொஞ்சம்" இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு வலிமாத்திரை வேண்டும். நீட்டுவதற்கு, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அழுத்த வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். முழங்கால் முழுசாக நீளவில்லை என்றால் காலம் முழுக்க நொண்டத்தான் வேண்டும் என்பதால் மடக்குவதைவிட இதற்குத்தான் என்னை அதிகம் விரட்டினார். இரவில் தூக்கம் வராது என்பதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் வரவில்லை.

இப்போது என் மூட்டு 110 டிகிரி வரை மடங்குகிறது. நாற்காலி, படி, கார் எல்லாவற்றுக்கும் போதும். தரையில் உட்கார்ந்து எழுவதற்குப் போதாது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்துக் கிடக்கிறது. கீறும்போது தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது, பலருக்கும் இருக்கும், ஆபத்தில்லை. படி ஏறும்போது சில நேரம் 'டக்' என்று உலோகம் பிளாஸ்டிக்கில் தட்டும் சத்தம் கேட்கும். மண்டியிடலாம் என்று டாக்டர் அனுமதித்துவிட்டார், எனக்குத்தான் மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பழைய வலி, ராத்திரி புரண்டு படுக்கும்போதே எழுப்பிவிடும் வலி, போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது. மூன்றரையும் அதற்குத்தான்.

முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் திருப்தியில்லை என்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பில் அந்தக் கணக்கு இதைவிட நன்றாகக் குறைவு. எங்கள் வீட்டுக் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது. நீடித்து உழைப்பதில் மட்டும் முழங்காலைக் குறை சொல்ல முடியாது. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, பல தரவுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், 25 வருடம் கழித்தும் மாற்ற வேண்டிவராமல் நீடித்த மூட்டுகள் முழங்காலில் 82 சதவீதம் வரை, இடுப்பில் 58 சதவீதம். இதைப் படித்ததிலிருந்து நான் வீட்டில் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்கிறேன். (அவை அந்தக் காலத்தில் வைத்த மூட்டுகள், இப்போதைய பிளாஸ்டிக் வேறு என்று அவர் உடனே சொல்வார். சொல்லட்டும்.)

இனி, அறுவை மேசை வரை போய்ச் சேரும் அந்த வழியைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு இடுப்பு வலி ஆரம்பித்தபோது நானும் கூடப் போனேன். டாக்டர் கேட்டது: "எவ்வளவு தூரம் நடக்க முடியுது சார்? வண்டி ஓட்டறீங்களா? வேலைக்குத் தொந்தரவா இருக்கா?" அன்றைக்கே அறுவை நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். என் முறை வந்தபோது கேட்டது: "வீட்டு வேலையெல்லாம் பார்த்துக்க முடியுதாம்மா?" முடிகிறது என்றேன். நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது? அந்த ஒரு பதிலை வைத்து "அப்ப இப்போதைக்கு மாத்திரையிலயே ஓட்டலாம்மா" என்று முடித்துவிட்டார். அடுத்த முறையும் அதே. எடையைக் குறையுங்கள் என்பது கூடவே சேர்ந்துகொண்டது. நடக்கவே முடியாத காலை வைத்துக்கொண்டு எப்படிக் குறைப்பது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அவர் நல்ல டாக்டர்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதனால்தான் இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவுகள் 2008-ல் வெளிவந்தன. ஒரே அளவு முழங்கால் தேய்மானம் உள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், ஒரே மாதிரி பேசப் பழக்கி, 71 டாக்டர்களிடம் அனுப்பினார்கள். அறுவையை ஆணுக்குத்தான் அதிகம் பரிந்துரைத்தார்கள். அதே மாகாணத்தில் 2000-ல் வெளியான இன்னொரு ஆய்வு, மூட்டு மாற்றம் தேவைப்பட்டும் கிடைக்காமல் இருப்பது பெண்களிடம் ஆண்களைவிட மூன்று மடங்கு என்றது. இத்தனைக்கும் அங்கே அரசே மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்கிறது. ஆக, காசு மட்டும் காரணம் இல்லை.

எக்ஸ்ரேயும் சாட்சி சொல்ல வரும். "படத்தில் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே" என்று என்னிடமும் சொன்னார்கள். அந்தப் படத்தை மதிப்பிட இன்றும் பயன்படும் கெல்கிரென்-லாரன்ஸ் அளவுகோல் 1957-ல் வந்தது, இங்கிலாந்து மக்களின் படங்களைப் பார்த்து உருவாக்கியது. இதை 2021-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே கறுப்பின நோயாளிகள், மற்றவர்களைவிட முழங்கால் வலி அதிகம் என்று சொல்வது வழக்கம். படம் அதற்கு ஒத்துப்போகவில்லை என்றால் மனசு, கவலை என்று ஏதாவது காரணம் சொல்லிவிடுவார்கள். ஆய்வாளர்கள் கணினியிடம் டாக்டரின் மதிப்பெண்ணைக் காட்டிப் பழக்காமல், நோயாளி சொன்ன வலியைக் காட்டிப் பழக்கினார்கள். கறுப்பினத்தவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே வலியில் இருந்த வித்தியாசத்தில் 9 சதவீதத்தை மட்டுமே பழைய அளவுகோல் விளக்கியது. கணினி, அதே படங்களைப் பார்த்து, 43 சதவீதத்தை விளக்கியது. வலிக்கான காரணம் படத்திலேயே இருந்திருக்கிறது, பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு இந்த அறுவை வெள்ளையரைவிடக் குறைந்த விகிதத்தில் நடக்கிறது என்பது பல வருடங்களாகப் பதிவாகிவரும் விஷயம். படத்தில் கிடைக்கும் எண்ணை வைத்து யாரை அனுப்புவது என்று முடிவு செய்தால் வேறென்ன நடக்கும்?

எடை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது, பாலினம், புகைப்பழக்கம், உடல் பருமன், வேறு நோய்கள் இவற்றைக் காரணம் காட்டி யாரையும் மூட்டு மாற்றத்துக்கு அனுப்பாமல் நிறுத்தக்கூடாது என்கிறது. பருமன் இருந்தால் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல், அது உண்மை. அதை எடுத்துச் சொல்லலாம், தயார்ப்படுத்தலாம். வாசலிலேயே நிறுத்துவது வேறு.

சரி, கொஞ்சம் தாமதம்தானே, கடைசியில் கிடைத்ததே என்று கேட்கலாம். தாமதம் இங்கே வெறும் காத்திருப்பு இல்லை. அறுவைக்கு முன்னால் எவ்வளவு மடக்க முடிந்தது, எவ்வளவு நடக்க முடிந்தது என்பதுதான் பின்னால் கிடைப்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மாத்திரையில் ஓட்டிய வருடங்களில் என் முட்டி இறுகியது, தொடைத் தசை கரைந்தது. 110-ல் நின்றுவிட்டதற்கு மூட்டைச் செய்தவர்களையோ வைத்தவர்களையோ நான் குறை சொல்ல மாட்டேன். முழங்காலுக்கு நான் குறைத்த ஒன்றரையில் அரை மதிப்பெண்ணாவது வழியிலேயே போய்விட்டது.

அதற்காக அவசரப்படவும் கூடாது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் முழங்கால் மாற்றும் ஆண்களில் கிட்டத்தட்ட 35 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படலாம், எழுபதைத் தாண்டிச் செய்துகொள்பவர்களுக்கு அது 5 சதவீத அளவுதான் என்று பிரிட்டன் தரவுகள் காட்டின. மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினம், பலனும் குறைவு. தேய்மானம் குறைவாக இருக்கும்போதே போய்ப் படுப்பவர்களிடம் அதிருப்தி அதிகம் என்பதும் தெரிந்ததே.

என்னோடு அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் முழங்கால் என்னுடையதைவிட மோசம், வெளிப்பக்கமாக வளைந்தே விட்டது. அவருக்கு அறுவைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, காப்பீடு இருக்கிறது. "பண்ணிட்டு வந்தா யாரு என்னைத் தூக்கி உட்கார வைப்பா? அத்தனை வாரம் வரலன்னா வேலையில வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்கிறார். தனியாக இருப்பவர், வீடு மாடியில். எனக்கு வாக்கரைப் பிடிக்க ஒரு கணவர், பிசியோதெரபிக்கு வாரம் தவறாமல் கூட்டிப்போக ஒரு வண்டி, சம்பளத்தோடு விடுப்பு இருந்தன. இவை எதுவும் கட்டணப் பட்டியலில் இல்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் அந்த மேசையில் ஏறவே முடியாது. ஏறினாலும், பயிற்சி தவறினால் முட்டி பாதியிலேயே நின்றுவிடும்.

யாரிடம் செய்துகொள்வது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி சொல்கிறேன். "டாக்டர், நீங்க வருஷத்துக்கு இந்த அறுவை எத்தனை செய்யறீங்க?" கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஒன்டாரியோவிலேயே இடுப்பு மூட்டில் பார்த்தபோது, வருடத்துக்கு 35-க்குக் குறைவாகச் செய்பவர்களிடம் மூட்டு நழுவுவதும் மறு அறுவையும் கூடுதலாக இருந்தன. வைத்த மூட்டின் பெயரும் எண்ணும் ஒட்டிய சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஸ்வீடன் 1975-லேயே முழங்காலுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கிவிட்டது, இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-ல். எந்த மூட்டு சீக்கிரம் கெடுகிறது என்று கண்டுபிடிப்பது இத்தகைய பதிவேடுகள்தான். பதிவேடு இல்லாத இடத்தில் அந்தச் சீட்டுதான் உங்கள் பதிவேடு.

என் இடது முழங்காலும் இப்போது புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டது. இந்த முறை டாக்டரிடம் போகும்போது வாயால் மட்டும் சொல்வதாக இல்லை. ஆக்ஸ்ஃபோர்ட் முழங்கால் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது: 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண், எண் குறைந்தால் நிலைமை மோசம். இரவு வலி, படி இறங்குவது, கடைக்குத் தனியாகப் போய்வருவது, மண்டியிட்டு எழுவது எல்லாம் அதில் இருக்கின்றன. நிரப்பி வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் ஒன்று நிரப்பினோம், அவருடையது என்னுடையதில் பாதிகூட வரவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே போகப் போகிறோம். முதலில் அவர் பெயரைத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.