பெயரைப் பிடிப்பதா, மண்ணைப் பிடிப்பதா? கன்னியாகுமரி தொகுதியின் தேர்தல் வரலாற்றுக்கு இரண்டு வழிகள்

கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுக்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தொகுதியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதா, இல்லை அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு போவதா? பெயர் வழியில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மண் வழிக்கு மாறினேன். ஏன் மாறினேன் என்பதைச் சொல்லத்தான் இந்த அலசல்.

பெயர் வழி எளிது. தொகுதியின் பெயர் 2004 வரை நாகர்கோவில், 2009 முதல் கன்னியாகுமரி. இரண்டையும் ஒட்டினால் ஒரு பட்டியல் வந்துவிடும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் முதல் பொதுத் தேர்தலில் வென்ற நேசமணி, 1957ல் தாணுலிங்க நாடார், மறுபடி 1962லும் 1967லும் நேசமணி. 1968ல் அவர் மறைந்ததால் வந்த 1969 இடைத்தேர்தலில் காமராஜர், 1971லும் அவரே. 1977ல் ஸ்தாபன காங்கிரஸின் குமரி அனந்தன். 1980லிருந்து 1998 வரை ஆறு தேர்தலிலும் டென்னிஸ், கடைசி இரண்டும் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில். 1999ல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன், 2004ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின், 2009ல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன். 2014ல் மறுபடி பொன். ராதாகிருஷ்ணன், 2019ல் காங்கிரஸின் வசந்தகுமார். அவர் மறைவுக்குப் பின் 2021 இடைத்தேர்தலிலும் 2024லும் விஜய் வசந்த்.

அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். பெயர்கள், கட்சிகள், வித்தியாசம் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகளில் அதே தலைப்பில் கிடைக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் அவசரமாகச் செய்தி எழுதுபவர்களுக்கும் இது போதும், அதில் எனக்கு மறுப்பில்லை.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நானும் ஒரு வாக்கியம் எழுதினேன்: "2009ல்தான் முதன்முறையாக ஒரு திராவிடக் கட்சி இந்த மண்ணில் மக்களவைக்கு வென்றது, அ.தி.மு.க. இன்றுவரை வென்றதே இல்லை." எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது. கன்னியாகுமரி ஊர்க்காரர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "இல்ல மக்கா, தப்பு. அப்போ எங்களுக்கு ராமராஜன்லா எம்.பி.?" என்றார்.

அவர் சொன்னது சரி. பழைய நாகர்கோவில் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர். மாவட்டத்தில் இருந்ததோ ஏழு. ஏழாவதான கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி, திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியோடு சேர்ந்திருந்தது. குமரிமுனையில் நின்று ஓட்டுப் போட்டவருக்கு எம்.பி. திருச்செந்தூர்க்காரர். டென்னிஸ் வென்றுகொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு கோசல்ராம், அப்புறம் தனுஷ்கோடி ஆதித்தன். 1998ல் அ.தி.மு.க.வின் நடிகர் ராமராஜன். 1999ல் நாகர்கோவில் பா.ஜ.க. பக்கம் போனபோது இவர்களுக்கு தி.மு.க.வின் ஜெயசீலன், 2004ல் தி.மு.க.வின் ராதிகா செல்வி. கன்னியாகுமரி என்ற பெயரைத் தாங்கிய தொகுதியின் வரலாற்றில் கன்னியாகுமரி ஊரின் வரலாறே இல்லை. என் வாக்கியத்தை அடித்தேன். அன்றைக்கே வழியையும் மாற்றினேன்.

மண் வழியில் கேள்வி வேறு. "இந்தத் தொகுதியில் யார் வென்றார்?" என்று கேட்பதில்லை, "இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஆண்டு எம்.பி. யார்?" என்று கேட்கிறோம். ஒரு தாளில் இன்றைய ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் நெடுக்காக எழுதிக்கொண்டேன், குறுக்கே தேர்தல் ஆண்டுகள். கன்னியாகுமரி என்ற வரிசையில் 1977 முதல் 2004 வரை திருச்செந்தூர் எம்.பி.க்கள், மற்ற ஐந்திலும் நாகர்கோவில் எம்.பி.க்கள். 2009லிருந்து ஆறு வரிசையும் ஒரே பெயருக்கு வந்து சேர்கின்றன. இப்போது மக்களவைத் தொகுதியும் மாவட்டமும் ஒரே எல்லை. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்த 2008 மறுவரையறையை வெறும் பெயர் மாற்றமாக நினைத்தது எவ்வளவு தவறு என்று புரிந்தது.

இந்த வழியில் சிரமம் நிறைய. சட்டமன்றத் தொகுதிகளே நிலையாக இருப்பதில்லை. திருவட்டார் 2008ல் கலைந்து, அதன் ஊர்கள் அக்கம்பக்கத் தொகுதிகளில் சேர்ந்தன. அதனால் அந்த ஊர்களைத் தனித்தனியாகத் தேட வேண்டும். இன்னும் உள்ளே போக விரும்பினால் வாக்குச்சாவடி வாரியாக ஓட்டு எண்ணிக்கையைத் தரும் தேர்தல் படிவமான படிவம் 20ஐ எடுத்துக் கூட்ட வேண்டும். தபால் ஓட்டு எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் சேராமல் தனியாக நிற்கும், கூட்டல் இடிக்கிறதே என்று முதலில் குழம்பினேன். 2004 முதல் எல்லா இடத்திலும் மின்னணு இயந்திரம் வந்துவிட்டதால் அதற்குப் பிந்திய காலத்துக்கு இந்த வேலை ஓரளவு சுலபம். பழைய காலத்துக்கு நான் சட்டமன்றத் தொகுதி அளவோடு நின்றுகொண்டேன்.

இவ்வளவு சிரமத்தையும் தாண்டி மண் வழிதான் என்று நான் சொல்வதற்கு ஒரே ஒரு காரணம், பராமரிப்பு. தொகுதி வரலாறு ஒருமுறை எழுதி மூடிவைக்கும் விஷயமல்ல. எல்லை மாறும், பெயர் மாறும். நாளைக்கு மறுவரையறை வந்து விளவங்கோட்டை ஒரு பக்கமும் கன்னியாகுமரியை இன்னொரு பக்கமும் சேர்த்தால், பெயர் வழியில் எழுதிய பட்டியல் அங்கேயே அறுந்துவிடும். மறுபடி ஒட்டுப்போட வேண்டும், ஒட்டுப்போட்ட இடத்தில் மறுபடி தப்பு நுழையும். மண் வழியில் எழுதிய தாளில் அடுத்த கட்டத்தில் புதுப் பெயரை எழுதினால் போதும். முன்பு எழுதியதில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம்.

இது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க புதுக்கோட்டையைப் பாருங்கள். பெயர் வழியில் அந்த மக்களவைத் தொகுதியின் வரலாறு 2004 தேர்தலோடு முடிந்துவிட்டது. மக்கள் எங்கே போனார்கள்? புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். ஒரு மாவட்டம் நாலு எம்.பி.க்களுக்குப் பங்காகியிருக்கிறது. தங்கள் தொகுதி தொலைந்துபோன அந்த மக்களின் கதையை மண் வழியில்தான் தொடர்ந்து எழுத முடியும்.

பெயர் வழிக்கு ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். வேட்பாளர்களை ஒப்பிட அதுதான் நல்லது. 2014ல் பொன். ராதாகிருஷ்ணன் 1,28,662 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதையும், 2019ல் வசந்தகுமாரிடம் 2,59,933 ஓட்டில் தோற்றதையும் அருகருகே வைக்கலாம். இரண்டும் ஒரே எல்லைக்குள் நடந்தவை. அவரே 1999ல் நாகர்கோவிலில் வென்றதை அந்த எண்களோடு வைத்து, ஓட்டு கூடியது குறைந்தது என்று பேசக் கூடாது. அன்றைய வாக்காளர்களில் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதிக்காரர்கள் இல்லை. 2009க்குப் பிந்திய தேர்தல்களை மட்டும் அலசுபவருக்கு, எல்லை மாறாத காலம் என்பதால், பெயர் வழியே தாராளம்.

நான் முழுசாகச் செய்து பார்த்தது இந்த ஒரு தொகுதிதான். சென்னை மாதிரி தெருவுக்குத் தெரு எல்லை வெட்டப்படும் இடத்தில் மண் வழி இதே அளவுக்குக் கைகொடுக்குமா என்பதை அங்கே உட்கார்ந்து செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கிராமங்களும் தாலுகாக்களும் தெளிவாகப் பிரிந்திருக்கும் மாவட்டங்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

டீயைக் கீழே வைத்தவரிடம் புதுத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்து 1998க்குப் போனார், பெயரைப் படித்தார். அப்படியே 1985க்கு வந்து, "கோசல்ராம் இறந்து இடைத்தேர்தல் வந்தது, அதையும் போட்டுக்க" என்றார். அந்தக் கட்டத்தை நான் விட்டிருந்தேன். அங்கேயே பேனாவை வாங்கி எழுதினேன்.