நாட்காட்டி ஏற்றுமதி: யுடிசியா, மண்டலப் பெயரா, வெறும் நேரமா?

நாட்காட்டி நிகழ்வுகளை ஐசிஎஸ் கோப்பாக (நாட்காட்டிச் செயலிகள் பரிமாறிக்கொள்ளும் கோப்பு) எழுதும் நிரலுக்கு, நேரத்தைக் குறிக்க அதன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 5545 மூன்று வழிகளைத் தருகிறது: இறுதியில் இசட் சேர்த்த யுடிசி நேரம் (உலகப் பொது நேரம்; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது), ‘ஏஷியா/கொல்கத்தா’ போன்ற மண்டலப் பெயருடன் உள்ளூர் நேரம், மண்டலமே சுட்டாத வெறும் நேரம்.

ஒருமுறை மட்டும் நடக்கும் கூட்டத்துக்கு யுடிசியே போதும். இந்தியக் கடிகாரம் கோடையில் மாறுவதில்லை என்பதால் வாராந்திர நிகழ்வுக்கும் அதுவே போதும் என்று கருதுவோர் உண்டு; வியாசர்பாடியில் ஞாயிறு காலை 5 மணிக்குத் தொடங்கும் கால்பந்துப் பயிற்சியை ஏற்றுமதி செய்து பார்த்தால் அந்தக் கருத்து நிலைக்காது. யுடிசியில் அது சனி இரவு 11.30. நிகழ்வு எந்தக் கிழமையில் மீளும் என்று சொல்லும் மீள்விதியில் ‘ஞாயிறு’ என்பதை மாற்றாமல் விட்டால், கிழமையும் யுடிசிப்படியே கணக்கிடப்பட்டு, பயிற்சி திங்கள் விடியலுக்குப் போய்விடும். அலுவலக நேரத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

தண்டையார்பேட்டை ஆசிரியை ஒருவர் லண்டன் பிள்ளைகளுக்குச் சனிதோறும் அவர்கள் நேரப்படி காலை 10 மணிக்கு இணையவழித் தமிழ் வகுப்பு எடுக்கிறார் என்று கொள்வோம். இங்கு அது கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. கோடையில் யுடிசி 9 மணி என்று எழுதிவிட்டால், லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே தள்ளப்படும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் பிள்ளைகளின் நாட்காட்டி வகுப்பை 9 மணிக்கே காட்டும். ‘யூரோப்/லண்டன்’ என்ற பெயருடன் 10 மணி என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நேரத்தை நிர்ணயிப்பது எந்த ஊர்க் கடிகாரம் என்பதை நிரல் ஊகிக்க முடியாது. பயனரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே மீளும் நிகழ்வுகளுக்கு மண்டலப் பெயரையே நான் பரிந்துரைப்பேன். அதற்கான மண்டல விவரத்தையும் கோப்பிலேயே சேர்க்க வேண்டியிருப்பது கூடுதல் வேலைதான். பைத்தான் நிரல்மொழியில் பைடிஸெட் என்ற நேர மண்டல நூலகத்தின் மண்டலத்தை, தேதியும் நேரமும் தாங்கும் டேட்டைம் பொருளுக்கு நேரடியாகக் கொடுத்தால், யுடிசியைவிட 5 மணி 53 நிமிடம் முந்திய கொல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரம் ஒட்டிக்கொண்டு, நிகழ்வு 23 நிமிடம் முன்னதாகிவிடும், பைத்தான் 3.9 பதிப்பில் வந்த ஸோன்இன்ஃபோ நூலகத்தில் அது நேராது.

எங்கிருந்தாலும் காலை 7 மணிக்கு மாத்திரை என்பது போன்ற நினைவூட்டலைத் தவிர வெறும் நேரத்துக்கு வேலை குறைவு.

முழுநாள் நிகழ்வு இம்மூன்றிலும் சேராது. திருவொற்றியூர்க் கோயில் விழாவை நள்ளிரவு என்று கொண்டு யுடிசிக்கு மாற்றினால் முந்தைய நாள் மாலை 6.30 ஆகிவிடும், எனவே தேதியை மட்டும் எழுத வேண்டும். முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பதால், 15 முதல் 17 வரையிலான விழாவுக்கு 18 என்றே குறிக்க வேண்டும்.